கே. பி. சுந்தராம்பாள் படங்கள்: வரிசையாகப் பார்த்தால் தெரியும் ஒரு சபதம்

குற்றாலத்தில் பிறந்து தென்காசி வழியாக ஓடிவரும் சிற்றாறு, நம் சீவலப்பேரியில்தான் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தக் குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் செங்கோட்டை. தமிழ் நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1906ல் பிறந்த ஊர் அது.

கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் முதலில் இலங்கையில் மேடையில் இணைந்தார்கள். பிறகு வாழ்க்கையிலும் இணைந்தார்கள். 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் இருவரும் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்கவே கூட்டம் திரண்டது. ஆனால் இல்லறம் நிலைக்கவில்லை. கடைசிக் காலத்தில் பிரிந்தே இருந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். வயது 27. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே கிட்டப்பாவை நாம் இசைத்தட்டில் கேட்கலாம். திரையில் பார்க்க முடியாது.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயதுதான். வெள்ளைச் சேலை உடுத்தினார், நகைகளைக் கழற்றினார், இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார். சினிமாவுக்கு அழைத்தபோது, மறுத்துவிடட்டும் என்றே ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்! அப்படி வந்ததுதான் 1935ன் 'நந்தனார்'. அதில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனாராகவே நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர்.

அடுத்து 1940ல் 'மணிமேகலை'. துறவு பூண்டவளின் கதை. 1953ல் ஜெமினியின் 'ஔவையார்'. 1964ல் 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். 1965ல் 'திருவிளையாடல்', 1967ல் 'கந்தன் கருணை', இரண்டிலும் மறுபடி ஔவை. தனித்தனியாகப் பார்க்கும்போது இவை பக்திப் படங்கள், புராணப் படங்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது: ஆண் அடியார், துறவி, மூதாட்டி. ஒன்றில்கூட அவருக்கு ஜோடி கிடையாது. முப்பது ஆண்டுக்கு மேல் அந்தச் சபதம் திரையிலும் காக்கப்பட்டிருக்கிறது.

வீட்டில் பார்க்க 'ஔவையார்' படத்திலிருந்து தொடங்கலாம். இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. நீளமான படம், இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொண்டால் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். சிறுமி ஔவையாகவும் இளம்பெண் ஔவையாகவும் வேறு நடிகைகள் வருகிறார்கள். கல்யாணம் வேண்டாம், முதுமையைக் கொடு என்று அந்த இளம்பெண் பிள்ளையாரிடம் மன்றாடுகிறாள். வரம் கிடைக்கிறது. நரைத்த தலையோடு நம் முன் வந்து நிற்பவர் சுந்தராம்பாள்.

அந்த இடத்தில் படத்தைச் சற்று நிறுத்தி, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செங்கோட்டைக்காரரின் கதையைச் சொல்லுங்கள். 25 வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறிய பெண்தான் இந்த மூதாட்டி என்று தெரிந்த பிறகு, அடுத்து வரும் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இல்லாத பல செய்திகள் அவர்களிடம் இருக்கும்.