காட்டன், சர் ஆர்தர் தாமஸ்

காட்டன், சர் ஆர்தர் தாமஸ் (15 மே 1803 – 24 ஜூலை 1899): கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பொறியாளர் பிரிவு அதிகாரி. கொள்ளிடத்தின் மேலணை, கீழணை ஆகியவற்றையும் கோதாவரியின் தவளேசுவரம் அணையையும் கட்டியவர்.

ஹென்றி கால்வெலி காட்டனின் பதினொரு மகன்களில் பத்தாமவர். கம்பெனியின் ஆடிஸ்கோம் இராணுவப் பள்ளியில் பயின்று 1821-இல் சென்னைக்கு வந்தார். பாம்பன் கால்வாயை அளந்தார். முதல் பர்மியப் போரில் பணியாற்றினார். பின்னர் காவிரிப் பாசனப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவரை அவராக்கியது இந்தக் காலமே.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் மிகுந்தது. காவிரியின் வாயில் மணல் மேடிட்டுக்கொண்டே போனதால், தஞ்சை வயல்களுக்குச் சேர வேண்டிய தண்ணீர் ஆண்டுதோறும் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போனது. 1804-இல் கேப்டன் கால்டுவெல் கல்லணையை உயர்த்திக் கட்டியும் குறை தீரவில்லை. காட்டன் முதலில் கல்லணையில் மணற்போக்கி மதகுகள் திறந்தார். அதன் பிறகுதான் கொள்ளிடத்தின் தலைப்பிலேயே அணை வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

அங்கே எவ்வளவு தோண்டினாலும் பாறை தட்டுப்படாது, எங்கும் மணல்தான். அன்றைய ஐரோப்பியப் படிப்பு இதற்கு வழி சொல்லவில்லை. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை சொன்னது. பழைய கொத்தர்கள் ஆற்றில் கருங்கற்களை இட்டார்கள். வெள்ளம் அடிமணலை அரிக்க, கற்கள் கீழே இறங்கின. அவற்றின் மேல் மீண்டும் கல்லை அடுக்கினார்கள். இறக்கம் நிற்கும் வரை இப்படியே அடுக்கி, மேல்தளத்தை மட்டும் சுண்ணாம்புக் காரையால் பூசினார்கள். உள்ளே இருந்தது கல்லும் களிமண்ணும்தான். ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இவர்களிடமிருந்தே கற்றோம் என்று காட்டனே எழுதி வைத்தார். தமிழர் இதை மறக்கலாகாது, அவரும் மறக்கவில்லை. ‘அணைக்கட்டு’ என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலப் பொறியியலில் ‘அனிகட்’ ஆனது.

மேலணையும், அணைக்கரையில் உள்ள கீழணையும் 1836-இல் தொடங்கப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள் முடிந்தன. மேலணை காவிரிக்குத் தேவைக்கு மீறியும் தண்ணீரைத் திருப்பியதால், 1845-இல் காவிரியின் தலைப்பில் படுகை மட்டத்துக்கு ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. கீழணைத் தண்ணீர் வடவாறு வழியே வீராணம் ஏரிக்குப் போகிறது.

1833-இன் குண்டூர்ப் பஞ்சத்துக்குப் பின் கோதாவரி மாவட்டம் நொடிந்து கிடந்தது. 1847-இல் தவளேசுவரத்தில் தொடங்கிய அணை 1852-இல் முடிந்தது. உடல்நலம் குன்றி அவர் விடுப்பில் இருந்த காலத்தில் கேப்டன் ஆர் பணியை நடத்தினார். காவிரியில் கற்ற மணல் அடித்தள முறைதான் அங்கும் கைகொடுத்தது.

1860-இல் ஓய்வு பெற்றார். 1861-இல் சர் பட்டம் பெற்றார். இரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிட்டால் பாசனமும் படகுப் போக்குவரத்தும் சேர்ந்து கிடைக்கும், பஞ்சமும் தணியும் என்று கடைசிவரை வாதாடினார். அவர் ஊக்குவித்த கர்நூல்–கடப்பைக் கால்வாய் நட்டத்தில் முடிந்தது. அதை வைத்து எதிர்த்தரப்பு அவரது முழு வாதத்தையும் தள்ளியது நியாயமன்று. 1878-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரிடம் கடுமையாக விசாரணை நடத்தியது. இங்கிலாந்தின் டார்க்கிங்கில் காலமானார். அவரது வாழ்க்கை வரலாற்றை மகள் லேடி ஹோப் எழுதி 1900-இல் வெளியிட்டார்.

தவளேசுவரத்தில் பழைய அணைக்குப் பதிலாக இப்போதுள்ள தடுப்பணை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. அங்கே புதிய கதவணை கட்டப்பட்டுள்ளது.