ஆறு மாதத் தவணை

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் பெரியோர். முகப்பருவின் வடுக்களைப் போக்கும் மருத்துவத்தில் அந்தப் பொறுமைக்கு ஒரு காலவரை வகுக்கப்பட்டது. அது வகுக்கப்பட்டதும், பின்னர்த் திருத்தப்பட்டதும் ஒரு படிப்பினையாகும்.

கடும் முகப்பருவைத் தணிக்கும் ஐசோட்ரெட்டினாயின் என்னும் மருந்து 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கி அது பருவை அடக்குகிறது. பரு அடங்கிய பின்னும் மேடுபள்ளமான வடுக்கள் எஞ்சுவதுண்டு. அவற்றை மட்டப்படுத்தச் சுழலும் கருவியால் தோலைத் தேய்த்தெடுக்கும் முறை அந்நாளில் வழக்கிலிருந்தது. மருந்தையும் தேய்ப்பையும் அடுத்தடுத்துக் கையாண்டால் என்ன நேரும்?

1986ஆம் ஆண்டில் வெளியான ஓர் அறிக்கை அச்சத்தை விளைத்தது. அம்மருந்தை உட்கொண்டு, தோலையும் தேய்த்துக்கொண்ட சிலருக்கு வழக்கத்துக்கு மாறான தடித்த தழும்புகள் எழுந்தன. தேய்த்த இடத்தில் புதுத்தோல் பெரும்பாலும் மயிர்க்கால்களிலிருந்தும் அவற்றையொட்டிய சுரப்பிகளிலிருந்துமே வளர்கிறது. அச்சுரப்பிகள் சுருங்கியிருந்தால் புண் ஆறுவது கெடுமென மருத்துவர்கள் ஐயுற்றனர். மருந்தை நிறுத்திக் குறைந்தது 6 மாதங்கள் கழிய வேண்டும் என்னும் விதி பிறந்தது. மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலும் இடம்பெற்றது.

நாளடைவில் அவ்விதி, மென்மையான அமிலப் பூச்சுக்கும், மயிர் நீக்கும் லேசர் ஒளிக்குங்கூடப் பொருத்தப்பட்டது. சிலருக்கு நேர்ந்த தீங்கு எல்லோருக்கும் தடையாயிற்று. பருவத்தின் வாயிலில் நிற்கும் இளைஞர்கள் வடுத்தாங்கிய முகத்தோடு மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

2017ஆம் ஆண்டில் அமெரிக்க வல்லுநர்கள் வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தனர். மேலோட்டமான அமிலப் பூச்சு, மயிர் நீக்கும் லேசர், மேல்தோலை அகற்றாத லேசர் ஆகியவற்றை ஒத்திவைக்கப் போதிய சான்றில்லை என்று கண்டனர். ஆனால் கருவியால் முகம் முழுவதையும் தேய்ப்பதும், மேல்தோலை முற்றிலும் அகற்றும் லேசரும் தவிர்க்கத்தக்கனவே என்றனர். இந்தியத் தோல் அறுவை மருத்துவர் சங்கமும் அவ்வாண்டிலேயே இப்பொருள் குறித்து நெறிமுறை வெளியிட்டது.

நேயர்களே, எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே தவணை பொருந்தாது. தோலில் எவ்வளவு ஆழம் செல்கிறதோ, அதற்கேற்பவே எச்சரிக்கையும் வேண்டும். ஆகவே, முகப்பொலிவு நாடிச் செல்வோர் தாம் உண்ட மருந்து யாது, அதை நிறுத்திய நாள் எது என்பவற்றை மறையாது மருத்துவரிடம் உரைப்பாராக. காலத்தை அவர் கணிக்கட்டும்.