கத்தி உறை சொல்லும் வரலாறு

“ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியுமா?” என்று நம் நாட்டில் கேட்பதுண்டு. இப்பழமொழிக்குள் ஒரு தொழில் நுணுக்கமும் ஒளிந்திருக்கிறது. நல்ல தோல் உறை ஒரு குறிப்பிட்ட கத்திக்கென்றே செய்யப்படுவது. அக்கத்தியின் வடிவம் தோலில் பதிந்து நின்றுவிடும். வேறொரு கத்தி அதில் சரியாக அமராது. தோலுக்கு இத்தன்மை எவ்வாறு வந்தது? கைவினைஞர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட இப்பண்புக்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அவ்விளக்கத்தின் முக்கியமான பகுதி சென்னையில் உருவானது.

பனியில் கிடைத்த உறை

1991-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இத்தாலி-ஆஸ்திரியா எல்லையருகே ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனித உடல் கண்டெடுக்கப்பட்டது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதன் அவன். அவனிடம் மரப்பிடி போட்ட ஒரு சிறு கற்கத்தியும் அதற்கு ஓர் உறையும் இருந்தன. ஆனால் அவ்வுறை தோலால் ஆனதன்று. மரப்பட்டை நாரால் பின்னப்பட்டது! அவன் தோலாடை அணிந்திருந்தான். அவனுடைய அம்புக்கூடும் மான் தோலால் ஆனதே. ஆயினும் கத்திக்கு நாருறைதான்.

பச்சைத் தோல் ஈரத்தில் அழுகும். காய்ந்தால் பலகைபோல் விறைக்கும். கொழுப்பு தேய்த்தும் புகை காட்டியும் பதப்படுத்தினால் ஆடைக்கேற்ற மெதுமை கிட்டும். ஆனால் வடிவம் பிடித்து நிற்கும் உறுதியான தோல் வேண்டுமானால், துவர்ப்புள்ள மரப்பட்டைகளை ஊறவைத்த நீரில் அதைப் பல மாதங்கள் கிடத்தியாக வேண்டும். பட்டையிலுள்ள அந்தத் துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். நம் ஆவாரம் பட்டையிலும் இதுவே நிறைந்துள்ளது.

இடுப்பில் தொங்கிய கத்தி

இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலும் உணவு மேசையில் முள்கரண்டி கிடையாது. ஆணும் பெண்ணும் தம் கத்தியைத் தாமே இடுப்பில் தொங்கவிட்டுச் சென்றனர். எனவே உறைக்குத் தேவை மிகுந்திருந்தது. லண்டன் நகரில் அலகு அடிப்பவர், பிடி பொருத்துபவர், உறை செய்பவர் எனத் தொழில் பிரிந்திருந்தது.

லண்டனிலும் யார்க் நகரிலும் 1970-களிலும் 80-களிலும் நடந்த அகழாய்வுகளில் இத்தகைய உறைகள் பல கிடைத்தன. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் புகாததால் தோல் அழுகவில்லை. தைத்த நூல் பெரும்பாலும் மக்கிவிட்டது. ஊசித் துளைகள் மட்டும் எஞ்சின. ஒற்றைத் தோலை நனைத்து, கத்தியைச் சுற்றி மடித்து, பின்புறம் தைத்திருக்கிறார்கள். ஈரம் உலருமுன் கொடிகளையும் விலங்குகளையும் அதில் கீறியும் அழுத்தியும் பதித்திருக்கிறார்கள்.

சோதனைச்சாலை நுழைகிறது

பதனிடுதலை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஹம்ஃப்ரி டேவி. 1803-இல் வெளியான அவரது ஆய்வில் நம் நாட்டுப் பொருள் ஒன்றும் இடம்பெற்றது. அதுதான் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டி. ஏழெட்டுப் பவுண்டு ஓக் மரப்பட்டை செய்யும் வேலையை ஒரு பவுண்டு காசுக்கட்டி செய்துவிடும் என்று அவர் கண்டார். இன்னொன்றையும் அவர் ஒப்புக்கொண்டார்: தொழிலாளர் அனுபவத்தால் அடைந்திருந்த திறத்தை அன்றைய கோட்பாடுகளால் அதிகம் உயர்த்திவிட முடியாது!

தோல் எதனால் ஆனது என்று தெரியாதவரை கோட்பாடு வளர வழியில்லை. அவ்வழியைத் திறந்தவர்களுள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் முக்கியமானவர். அவரும் கோபிநாத் கர்த்தாவும் தோலின் முதன்மைப் புரதமான கொலாஜனை எக்ஸ்-கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தனர். மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு அது என 1954-இல் அறிவித்தனர். அச்சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதை அடுத்த ஆண்டு விளக்கினர். சுருங்கச் சொன்னால், தோல் என்பது கண்ணுக்குத் தெரியாத முப்புரிக் கயிறுகளின் பின்னல்.

இனி உறையின் இரகசியம் எளிதாகப் புரியும். டானின் இக்கயிறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைக்கிறது. நீர் புகுந்தால் பிணைப்புகள் தளர்ந்து, இழைகள் நகர இடங்கொடுக்கின்றன. அந்நிலையில் அழுத்தி உருக்கொடுத்து உலர விட்டால், புதிய இடத்திலேயே பிணைப்புகள் மீண்டும் உண்டாகின்றன. உருவம் நிலைத்துவிடுகிறது.

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற குரோமியப் பதனிடு முறை, மாதக்கணக்கான வேலையை நாட்கணக்கில் சுருக்க வழிவகுத்தது. குரோமியத் தோலில் பிணைப்பு மிக வலிது, கொதிநீரையும் தாங்கும். ஆனால் நனைத்து அழுத்தினாலும் எளிதில் உருப்பிடிக்காது. ஆகவேதான் இன்றும் உறை செய்வோர் பட்டைப்பதத் தோலையே தேடுகின்றனர்.

புதிதாகக் கற்பவருக்கு

இத்தொழிலைப் புதிதாகக் கற்பவர் முதலில் காகிதத்தில் அளவு வெட்டிக்கொள்வது நலம். இரு தோல்களுக்கு நடுவே விளிம்போரமாக ஒரு தோல் பட்டையையும் வைத்துத் தைக்க வேண்டும். இல்லையேல் கூர்முனை நூலை அறுத்துவிடும். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் இழுத்துத் தைப்பர். ஓரிடத்தில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தையலைத் தாங்கும்.

நனைக்க வெதுவெதுப்பான நீர் போதும். பட்டைப்பதத் தோல் ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி செல்சியஸில் சுருங்கத் தொடங்கும்; முப்புரி முறுக்கு அவிழ்வதே காரணம். எனவே அடுப்பருகே காயவைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். உருப்பிடிக்கச் செருகும் கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொள்ள வேண்டும். ஈர டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். பழைய காலத்து எழுது மை அவ்வாறு செய்யப்பட்டதுதான்.

இவ்விதிகளை எல்லாம் காரணம் தெரியாமலேயே கடைப்பிடித்தவர்கள் பழந்தொழிலாளர். நாற்றத்தைக் காட்டி ஐரோப்பிய நகரங்கள் பதனிடுவோரை ஊர் ஓரத்துக்கு ஒதுக்கின. நம் நாடோ அவர்களைத் தீண்டத்தகாதவர் என்று தள்ளி வைத்தது. அவர்கள் கையாண்ட தோலைத்தான் இராமச்சந்திரனின் எக்ஸ்-கதிர்கள் பின்னாளில் விளக்கின. அக்கைகள் குழிகளில் சேர்த்துவைத்த அறிவும் அறிவியல் வரலாற்றில் எழுதப்பட வேண்டியதே.