தட்டுவடை செட்டும் ஒரு கலெக்டரும்

போன டிசம்பர் லீவுல சரவணம்பட்டி அக்கா வீட்டுல ஒரு சின்ன விருந்து. அக்கா பொண்ணு தன்னோட ஆபீஸ் கூட்டாளிங்க பதினஞ்சு பேரைக் கூப்பிட்டிருந்தா. சாப்பாட்டுக்கு வெளிய சொல்லியாச்சு. அதுக்கு முன்னாடி கையில எடுத்துக் கொறிக்க என்ன வெக்கறதுங்கறதுதான் பிரச்சினை. இப்ப எல்லாரும் ஸ்டார்ட்டர்ங்கறாங்களே, அதேதான்.

"தட்டுவடை செட் போட்ரலாம்"னேன்.

அக்கா மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்கணும் நீங்க. "ஏண்டா, தள்ளுவண்டித் தீனியக் கொண்டாந்து விருந்தாளிக்கு வெப்பாங்களா? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அவ பொண்ணு நேர் எதிர். "சூப்பர் மாமா! இரண்டாயிரம் ஆண்டு கொங்குப் பாரம்பரியம்னு ஒரு அட்டையில எழுதிப் பக்கத்துல வெச்சுரலாம்."

ஒருத்திக்கு வெக்கம், இன்னொருத்திக்குப் பெருமை. எனக்கு ரெண்டும் சரியாப் படலை. அதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு: உள்ளங்கையில பாதி அளவுக்கு மெல்லிசா ஒரு தட்டுவடை. அதுமேல கொத்தமல்லி, புதினா, பச்சமிளகாய் அரைச்ச பச்சைச் சட்னி, வரமிளகாயும் பூண்டும் அரைச்ச சிவப்புச் சட்னி. அப்புறம் துருவின கேரட், பீட்ரூட், பொடியா நறுக்கின வெங்காயம். மேல இன்னொரு தட்டுவடையை வெச்சு மூடினா ஒரு செட். சேலம்தான் இதுக்குப் பேர்போன ஊர். ஈரோடு, நாமக்கல், கோயமுத்தூர்னு எல்லாப் பக்கமும் சாயங்காலமானா வண்டியில கிடைக்கும். (சேலம் கொங்குதானான்னு பின்னூட்டத்துல சண்டைக்கு வந்துராதீங்க சாமிகளா.)

வெள்ளைக்காரன் விருந்துல 'கனப்பே'ன்னு ஒண்ணு வெப்பான். ரொட்டித் துண்டு மேல கொஞ்சம் சீஸோ மீனோ வெச்சு, ஒரே வாயில போடறது. பிரெஞ்சுல கனப்பேன்னா சோபா. ரொட்டி மேல பண்டம் உக்காந்திருக்கறதால அந்தப் பேரு. அந்தச் சொல்லையே நோண்டிட்டுப் போனா கிரேக்கத்துல கொசுவலை போட்ட கட்டில்ல போய் நிக்குது :-) நம்ம செட்டும் அதே வேலையத்தான் செய்யுது. என்ன, நம்மாளு சோபாவுக்கு மேல இன்னொரு சோபாவையும் கவுத்துட்டான்.

சரி, பாரம்பரியம் எவ்வளவு தூரம் உண்மைன்னு அடுக்கு அடுக்காப் பிரிச்சுப் பார்ப்போம்.

அரிசியும் உளுந்தும் எள்ளும் நமக்குப் பழசு. மிளகாய் அப்படியில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வாஸ்கோ ட காமா 1498ல கோழிக்கோட்டுல வந்து இறங்கினதுக்கு அப்புறம் போர்ச்சுக்கீசியர் கப்பல்ல வந்தது. அதுவரைக்கும் நமக்குக் காரம்னா மிளகு. அந்த மிளகுக்காக ரோமாபுரியில இருந்து கொட்டின காசுதான் நம்ம வெள்ளலூர்ல புதையல் புதையலாக் கிடைச்சுது. தட்டுவடை பொரிக்கற கடலை எண்ணெயும் அப்படித்தான், நிலக்கடலைக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா.

அப்ப கேரட்டும் பீட்ரூட்டும்? இங்கதான் நம்ம கலெக்டர் வர்றாரு.

ஜான் சல்லிவன், கோயமுத்தூர் கலெக்டர். 1819ல மலையேறிக் கோத்தகிரி பக்கம் முகாம் போட்டாரு. 1822ல ஊட்டியில 'ஸ்டோன் ஹவுஸ்' கட்ட ஆரம்பிச்சாரு. அந்தக் கட்டடம் இன்னைக்கும் ஊட்டி அரசு கலைக்கல்லூரி வளாகத்துல நிக்குது. குளிர் அவரு ஊரு மாதிரியே இருந்ததால, சீமையில இருந்து விதை வரவழைச்சுத் தோட்டம் போட்டாரு. நீலகிரியில உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் ஊன்றினது அந்தத் தோட்டங்கள்ல இருந்துதான். அப்புறம் படுகர் மக்கள் தங்கள் நிலத்துல வெச்சுப் பெருக்கினாங்க.

ஒண்ணை மறக்கக் கூடாது. அந்த மலை சும்மா கிடந்த மலை இல்லை. தோடர்களோட எருமை மேய்ஞ்ச புல்வெளி அது. நிலம் தோடர்களுக்குத்தான் சொந்தம்னு அரசாங்கத்துக்கிட்ட வாதாடினவரும் இதே சல்லிவன்தான். அவரே அங்க நிலம் வாங்கி வீடு கட்டினவருங்கறதும் உண்மை. வாதம் பெரிசா எடுபடலை. புல்வெளி சுருங்கினது சுருங்கினதுதான்.

மலைக்காய் சமவெளிக்கு வர வழி வேணுமே? மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873ல. மலை ரயில் குன்னூர் வரைக்கும் 1899ல, ஊட்டி வரைக்கும் 1908ல. மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கின காய் அங்கிருந்து ஊர் ஊராப் போச்சு. இருந்தாலும் எங்க அம்முச்சி கடைசி வரைக்கும் அதை 'இங்கிலீஷ் காய்'னுதான் சொல்லும். திதி சமையல்ல அதைச் சேர்க்கவே விடாது. இன்னைக்கும் சில வீடுகள்ல அந்தப் பழக்கம் இருக்கு.

ஆக, அக்கா பொண்ணோட ரெண்டாயிரம் வருசக் கணக்கு அவுட். மிளகாய்க்கு ஐந்நூறு வருசம், கேரட்டுக்கு நம்ம மலையில இருநூறு, அவ்வளவுதான்.

அக்காவோட வெக்கத்துக்கும் பதில் இருக்கு. கொங்குச்சீமை மானாவாரி பூமி. கம்பும் சோளமும் ராகியும்தான் அன்னாடச் சோறு. நெல்லஞ்சோறு நோம்பிக்குத்தான். 1955ல பவானிசாகர் அணை முடிஞ்சு வாய்க்கால் பாய்ஞ்ச பக்கம் கொஞ்சம் மாறுச்சு. அரிசியை மாவாக்கி, அதையும் எண்ணெயில பொரிச்சுத் திங்கறதுன்னா அந்தக் காலத்துல எவ்வளவு பெரிய விசயம்! வண்டிக்கு வர்றதுக்கு முன்னாடி இது நோம்பிப் பலகாரம். விருந்தாளிக்கு வெச்சா என்ன குறைஞ்சு போச்சு?

இதையெல்லாம் சொல்லித்தான் அக்காவைச் சம்மதிக்க வெச்சேன். செய்யறதும் சுலபம். தட்டுவடை கடையில வாங்கிக்கலாம், மெல்லிசா இருக்கோணும். சட்னி ரெண்டும் கெட்டியா இருக்கோணும். துருவின காயை லேசாப் பிழிஞ்சு தண்ணியை எடுத்துருங்க. பீட்ரூட்டைத் தனியா வெக்கலைன்னா எல்லாம் ஒரே சிவப்பாயிரும். கடைசியா ரெண்டு சொட்டு எலுமிச்சை. முக்கியமா, ஆள் வந்தப்புறம்தான் அடுக்கோணும். பத்து நிமிசம் தாண்டினா தட்டுவடை நமுத்துப் போயிரும்.

அன்னைக்கு நூறு செட் போட்டோம். அட்டையும் இருந்துச்சு. எழுதினது நான்: "மிளகாய், கடலை: அமெரிக்கா. கேரட், பீட்ரூட்: சீமை வழி ஊட்டி. அரிசி: நம்மூரு."

படிச்சுட்டு ஒரு வடநாட்டுப் பையன் அக்காகிட்ட வந்து, "இது எந்த ஊர் பலகாரம் ஆன்ட்டி?"ன்னு கேட்டான்.

அக்கா அட்டையை ஒருவாட்டி பார்த்துச்சு, என்னையும் ஒருவாட்டி பார்த்துச்சு. "எங்கூருதான் கண்ணு. இன்னும் ரெண்டு எடுத்துக்கோ."

டிஸ்கி: நூறும் காலி. எனக்குக் கிடைச்சது நாலே நாலு.