அமெரிக்காவில் வீட்டுவழிக் கல்வி: அரசியலும் பொருளாதாரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே பொறுப்பேற்று வீட்டில் கற்பிக்கும் முறை 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் கல்வி பற்றிய குறிப்பே இல்லாததால் அது மாநிலங்களின் பொறுப்பில் உள்ளது. இதனால் குடும்பத்தின் கடமைகள் மாநில எல்லையைக் கடந்தாலே மாறிவிடும். நியூ ஜெர்சியில் பெற்றோர் எவருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் பாடத்திட்டம், காலாண்டு அறிக்கை, ஆண்டு மதிப்பீடு என ஒவ்வொன்றையும் கல்வி மாவட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

கட்டாயப் பள்ளி வருகைச் சட்டத்தை முதலில் இயற்றியது மாசசூசெட்ஸ் (1852). கடைசியாக ஏற்றது மிசிசிப்பி (1918). பள்ளி என்பது குடியேறிகளின் பிள்ளைகளை அமெரிக்கராக வார்க்கும் கருவி என்ற எண்ணம் இச்சட்டங்களுக்குப் பின்னால் வலுவாக இருந்தது. 1922இல் ஓரிகன் மாநில வாக்காளர்கள் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்ற சட்டத்தை நிறைவேற்றினர். கத்தோலிக்கப் பள்ளிகளைக் குறிவைத்த அச்சட்டத்துக்கு கு கிளக்ஸ் கிளான் அமைப்பும் ஆதரவு திரட்டியது. 1925இல் ‘பியர்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. பிள்ளை எங்கு படிப்பது என்பதைத் தீர்மானிப்பதில் பெற்றோருக்குள்ள உரிமை அத்தீர்ப்பால் உறுதிப்பட்டது. 1972இல் ‘யோடர்’ வழக்கில், எட்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆமிஷ் சமயத்தாரைக் கட்டாயப்படுத்தலாகாது எனத் தீர்ப்பானது. இரண்டு வழக்குகளும் வீட்டுவழிக் கல்வியைப் பற்றியவை அல்ல. எனினும் பின்னாளில் அதற்காக வாதாடியோர் இவற்றையே பெரிதும் சார்ந்திருந்தனர்.

இன்றைய வீட்டுவழிக் கல்வி இயக்கத்துக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரு அரசியல் வேர்கள் உண்டு. பள்ளி குழந்தையின் இயல்பான கற்கும் ஆர்வத்தை மழுங்கடிக்கிறது என்ற ஜான் ஹோல்ட் 1977இல் தொடங்கிய இதழைச் சுற்றி, அதிகார எதிர்ப்பு மனநிலை கொண்ட பெற்றோர் கூடினர். ரேமண்ட் மூர், டோரதி மூர் தம்பதியர் இளம் பிள்ளைகளை அவசரப்பட்டுப் பள்ளியில் சேர்க்க வேண்டாம் என்றனர். அவர்களுடைய குரல் கிறித்தவக் குடும்பங்களை எட்டியது. 1980களில் எண்ணிக்கையிலும் அமைப்பு வலிமையிலும் இரண்டாம் தரப்பே மேலோங்கியது. 1983இல் வழக்கறிஞர்கள் மைக்கேல் ஃபாரிஸ், மைக்கேல் ஸ்மித் ஆகியோர் வீட்டுப் பள்ளிச் சட்டப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். மாநிலந்தோறும் வழக்காடியும் சட்டமன்றங்களை அணுகியும் 1993க்குள் நாடெங்கும் அனுமதி பெறப்பட்டது. அடுத்த ஆண்டே இயக்கத்தின் பலம் தலைநகருக்குத் தெரிந்தது. ஆசிரியர் தகுதி பற்றிக் கீழவை உறுப்பினர் ஜார்ஜ் மில்லர் கொண்டுவந்த விதி தங்கள் மீதும் பாயும் என அஞ்சிய பெற்றோரின் அழைப்புகளால் நாடாளுமன்றத் தொலைபேசிகள் திணறின. கீழவை 424-1 என்ற வாக்கில் அவ்விதியை நீக்கியது. ஒரு மாநிலத்தின் கெடுபிடியோ தளர்வோ, கற்பித்தலின் தேவையைவிட இத்தகைய அணிதிரட்டலையே பிரதிபலிக்கிறது.

சட்டம் அனுமதித்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வருமானம் இடங்கொடுக்க வேண்டும். பொதுவாகத் தாய், சம்பள வேலையை விடுகிறார் அல்லது குறைத்துக்கொள்கிறார். பாடநூலுக்கு ஆகும் செலவைவிட இந்த இழப்பே பெரிது. ஒருவர் ஊதியத்தில் வாழும் வீட்டில் அவருக்கு வேலை போனால் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து போகக்கூடும். பள்ளிகளுக்கான சொத்து வரியிலிருந்தும் இக்குடும்பங்களுக்கு விலக்கில்லை. மறுபுறம், மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே மாநில நிதி கணக்கிடப்படுவதால், விலகும் ஒவ்வொரு பிள்ளையாலும் கல்வி மாவட்டத்துக்கு வருவாய் குறைகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் எதிர்ப்பில் இக்கணக்குக்கும் பங்குண்டு.

அரசு உதவித் தொகை வந்தபின் பிளவு இயக்கத்துக்குள்ளேயே தோன்றியது. 2017 வரிச் சட்டம் ‘529’ கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 10,000 டாலர் வரை பள்ளிக் கட்டணம் செலுத்த வழிசெய்தது. வீட்டுவழிக் கல்விக்கான பகுதி மட்டும் செனட்டின் நடைமுறை விதி ஒன்றில் சிக்கி நீக்கப்பட்டது. அரிசோனா 2011இல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்விக் கணக்குத் திட்டத்தை 2022இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர் கிடைக்கிறது. டெக்சஸ் 2025இல் இயற்றிய சட்டம் வீட்டில் படிப்போருக்கு 2,000 டாலர் வரை ஒதுக்குகிறது. பணத்தோடு கண்காணிப்பும் வரும் என்று பழைய தலைமுறைப் பெற்றோர் பலர் இவற்றை மறுக்கின்றனர். அந்த அச்சம் முற்றிலும் வீணன்று: அரிசோனாவில் தொகை பெறுவோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், சட்டத்தின் பார்வையில் அவர்கள் வீட்டுவழிக் கல்வியினர் என்ற வகையிலும் சேர்வதில்லை.

கொரோனாக் காலத்தில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 2020 வசந்தத்தில் 5.4 விழுக்காடாக இருந்த வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடாயின, கறுப்பினக் குடும்பங்களிடையே 3.3இலிருந்து 16.1 விழுக்காடாயிற்று. இயக்கத்தின் அணிதிரட்டும் பலமும் குறையவில்லை: 2025இல் இல்லினாய் மாநிலத்தில் வீட்டில் கற்பிப்போர் அதை அறிவிப்பதைக் கட்டாயமாக்க முன்வைக்கப்பட்ட மசோதா பெற்றோர் எதிர்ப்பால் அவை வாக்கெடுப்புக்கு வராமல் நின்றது.