பெட்ரோல் முள்ளின் பின்னால் ஓடும் ஒயர்

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் அளவைக் காட்ட முள் கிடையாது. டேங்க் பெரும்பாலும் முன் இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, கோடு போட்ட மரக்குச்சியை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1927 டிசம்பரில் வந்த மாடல் ஏயில் டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே அமைந்ததால், மிதவை நேராக அளவைக் காட்டியது. அதற்கும் ஒயர் வேண்டியிருக்கவில்லை.

டேங்க் வண்டியின் பின்பக்கம் போனதும், அங்குள்ள அளவை ஓட்டுநரின் கண்முன் கொண்டுவருவது ஒரு வேலையாயிற்று. 1932 ஃபோர்டில் மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று டேங்கின் அழுத்தத்தை டேஷ்போர்டிலுள்ள சிவப்புத் திரவத்துக்குக் கடத்தியது. குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கணக்கு பிசகிவிடும். சில ஆண்டுகளில் மின்சார மீட்டர் அந்த இடத்தைப் பிடித்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மட்டும் 1961 வரை முள்ளே இல்லாமல், ரிசர்வ் குழாயை நம்பி ஓடியது.

பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த ஸ்மித்ஸ் மீட்டர்கள் இரண்டு வகை. பழைய வகையில் இரண்டு சுருள்கள் ஒரு இரும்புத் துண்டை எதிரெதிராக இழுக்கும். டேங்கிலுள்ள மிதவை மின்தடையை மாற்ற, முள் நகரும். 1960களில் பரவிய இரண்டாம் வகையில் சூடேறி வளையும் ஈருலோகப் பட்டைதான் முள்ளைத் தள்ளும். அதற்கு 10 வோல்ட் கொடுக்க ஒரு ஸ்டெபிலைசரும் உண்டு. ரிப்பேர் செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்த வகை? டேங்குக்குப் போகும் ஒயர் அறுந்தால் பழைய வகை ‘ஃபுல்’ காட்டும். புதிய வகை ‘எம்ப்டி’ காட்டும். அதே ஒயர் பாடியில் உரசி எர்த் ஆனால் இரண்டும் தலைகீழாகும். வகை தெரியாமல் ஒயரைத் துருவுவது வீண் வேலை. புதிய வகையில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே ஏறி நின்றால், ஒயரை விட்டுவிட்டு ஸ்டெபிலைசரைப் பார்ப்பது நல்லது.

பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனமான லூகாஸின் நிற முறையில், இக்னிஷன் போட்டதும் ஃபியூஸ் வழியாக மின்சாரம் தரும் ஒயர் பச்சை. மீட்டரிலிருந்து டேங்குக்குப் போவது பச்சையில் கறுப்புக் கோடு. எர்த் கறுப்பு. இந்தியாவின் அம்பாசடர் கார் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்தது. லூகாஸ் டிவிஎஸ் 1961இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதனால் பிரிட்டிஷ் ஒயரிங் பழக்கம் இந்தியப் பட்டறைகளுக்கும் புதிதல்ல.

பழைய கார்களில் நிறத்தை நம்பிவிட முடியாது. பிவிசி உறை வருவதற்கு முன் ரப்பருக்கு மேல் பருத்தி நூல் பின்னியிருந்தார்கள். அழுக்கேறி எல்லா ஒயரும் ஒரே பழுப்பாகிவிடும். கிளிப்புக்கு அடியிலோ டேப்பைப் பிரித்தோ பார்த்தால், வெயில் படாத இடத்தில் பழைய நிறம் இன்னும் தெரியும்.

கோளாறைத் தேடுவதை டேங்க் பக்கத்திலிருந்து தொடங்குவது சுலபம். மிதவை யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி, ஆவி இருக்கும் டேங்கை விட்டுத் தள்ளி, பாடியில் தொட்டுப் பார்க்க வேண்டும். முள் நகர்ந்தால் ஒயரில் குற்றமில்லை. அப்போது மிதவை யூனிட்டையும் அதன் எர்த்தையும் சந்தேகிக்கலாம். பெயிண்டும் துருவும் எர்த்தை மறித்துவிடுவது வெகு சகஜம். முள் அசையாவிட்டால் மீட்டரின் டேங்க் முனையில் அதே சோதனை. அங்கே அசைந்தால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் டிக்கிக்குள் நுழையும் இடத்திலோ, புல்லட் கனெக்டரிலோ அது அகப்படும்.

முழு ஒயரையும் மாற்றுவதானால் பழையதன் நுனியில் புதியதைக் கட்டி இழுப்பது வழக்கம். பழையது வழியில் இறுகியிருந்தால் அதை உள்ளேயே விட்டு, இரு முனையையும் மூடிவிட்டுப் புதியதைப் பக்கத்தில் ஓட்டுகிறார்கள். துணி பின்னிய ஒயர் இன்றும் கிடைக்கிறது. காட்சிக்கு வைக்கும் காருக்கு அது பொருந்தும். ஒயர் சரியான பின்னும் முள் கூடக்குறையக் காட்டினால், மிதவையின் கம்பியை லேசாக வளைத்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.