விசைப்பலகையும் குழைவும்: ஏ. ஆர். இரகுமானின் இசைவாழ்வில் ஒரு கூறு

இசையை அளந்து கூறும் முயற்சி தமிழில் மிகப் பழமையானது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுத்து, ஆக 22 எனத் தொகை கூறும் மரபைச் சிலப்பதிகார உரைகளிற் காண்கிறோம். எனினும் இசை அளவோடு நின்றுவிடுவதன்று. எழுத்து தனக்குரிய மாத்திரையைக் கடந்து நீண்டொலித்தல் இசைநூலார்க்கு உரியது என்னும் கருத்தைத் தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியில் வைத்தார். அளவு ஒன்று உண்டு. அவ்வளவை மீறுவதும் உண்டு. மீறும் இடத்திலேயே இசை பிறக்கிறது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மையை நினைவிற் கொண்டு, நம் காலத்துத் திரையிசையாசிரியர் ஒருவரின் வாழ்வை நோக்குவது இக்கட்டுரையின் கருத்து. ஏ. ஆர். இரகுமானின் பாடல்களைப் பற்றியும் அவர் பெற்ற பரிசுகளைப் பற்றியும் எழுதப்பட்டவை பல. அவர் முதற்கண் ஒரு விசைப்பலகைக் கலைஞர் என்பதும், அக்கருவியின் குறையை நீக்கும் முயற்சி அவர் வாழ்வு முழுதும் தொடர்ந்து வந்தது என்பதும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

கட்டையின் குறை

வீணையில் மெட்டின்மேல் நரம்பை இழுத்தால் ஒலி படிப்படியாக உயரும். நாகசுரத்தில் சீவாளியின் அழுத்தமும் மூச்சும் ஒலியை வளைக்கும். பியானோவில் அது நிகழாது. ஒரு கட்டைக்கு ஒரு சுரம். அடுத்த சுரத்திற்கு அடுத்த கட்டை. இரண்டிற்கும் இடையில் வழியில்லை. மேலும் பியானோவில் ஒரு தானத்தை 12 சமப் பகுதிகளாக்கியே சுருதி சேர்க்கின்றனர். தானம் முழுவதையும் 1200 நுண்கூறாகக் கொண்டால், ஒவ்வொரு கட்டைக்கும் இடையே 100 கூறு நிற்கும். இயற்கையில் பொருந்தும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386 கூற்றில் நிற்க, பியானோவில் அது 400-இல் நிற்கிறது. பழகிய செவிக்கு இவ்வேறுபாடு புலனாகும். ஆயினும் இதனினும் பெரிய குறை குழைவின்மையே. கமகம் இன்றி இராகம் இல்லை என்னும் இசைமரபினர்க்கு, கட்டைக் கருவி உயிரெழுத்து இல்லாத நெடுங்கணக்கைப் போன்றது.

ஆகவேதான் அக்கருவிக்கு இந்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. 1842-இல் பாரிசு நகரில் தெபேன் என்பவர் உரிமை பெற்ற ஆர்மோனியம், சில பதின் ஆண்டுகளுக்குள் தமிழ் நாடக மேடையில் நிலைபெற்றது. எஸ். ஜி. கிட்டப்பா பாட, அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததை நாடக வரலாறு அறிந்தோர் அறிவர். மேடைக்கு உதவிய அக்கருவியைப் பாரதியார் தம் உரைநடையிற் கடிந்து எழுதினார். அனைத்திந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கிற்று. அவ்விலக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. மறுபுறம், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், தானத்தைச் சமமாகப் பகுக்கும் முறை பழந்தமிழர்க்கு உடன்பாடே என்று வாதிட்டார். கட்டைக் கருவி நம்முடையதா, அயலாருடையதா என்னும் வழக்கு இவ்வாறு இருதரப்பும் வலிமை உடையதாகவே நம் காலம்வரை வந்துள்ளது.

தந்தையார் விட்டுச்சென்றவை

இரகுமான் 1967-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். திலீப்குமார் என்பது இயற்பெயர். தந்தையார் ஆர். கே. சேகர், மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். பிற இசையாசிரியர்களுக்கு வாத்தியக் கோவை அமைத்தும் நடத்தியும் உதவியவர். 1964-இல் வெளிவந்த பழசிராசா அவர்க்கு முதற்படம். 1976-இல் அவர் மறைந்தபோது மைந்தருக்கு வயது ஒன்பது. வீட்டில் எஞ்சியவை இசைக்கருவிகளே. அவற்றை வாடகைக்கு விட்டு வந்த பொருளைக் கொண்டு அன்னையார் குடும்பத்தைப் புரந்தார்.

பிறர்க்குக் கருவி தனிக்கலைப் பயிற்சியின் பொருள். இச்சிறுவர்க்கோ அது வீட்டின் உலைக்கு அரிசி. தாமே அக்கருவியின்முன் அமர்ந்து கூலிக்கு வாசிக்கும் நிலை பதின்ம வயதின் தொடக்கத்திலேயே வந்தது. பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. எம். கே. அருச்சுனன், இளையராசா முதலிய இசையாசிரியர்களிடம் விசைப்பலகை வாசித்தார். தன்ராசு மாசுடரிடம் மேலையிசை பயின்றார். இளையராசாவுக்கும் ஆசிரியராக விளங்கியவர் அப்பெருமகன். மயிலையில் ஒரு சிறிய அறையிலிருந்து தமிழ்த் திரையிசையின் இரு தலைமுறைக்கு மேலையிசை இலக்கணத்தை அவர் கற்பித்தார் என்பது எண்ணத்தக்கது. பின்னர் இலண்டன் திரினிடி இசைக்கல்லூரியின் உதவித்தொகையும் இரகுமானுக்குக் கிடைத்தது.

இக்காலத்தில் கருவியும் மாறிக்கொண்டிருந்தது. 1970 முதல் பரவிய சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில், கட்டைகளுக்கு இடப்புறம் ஒரு சிறு சக்கரம் அமைந்திருந்தது. வலக்கை சுரத்தை ஒலிக்க, இடக்கை அச்சக்கரத்தை உருட்டினால் ஒலி மேலும் கீழும் வழுக்கும். குழைவுக்கு முதற் கதவு இவ்வாறு திறந்தது. ஆயினும் வீணைக் கலைஞர் ஒரே விரலாற் செய்வதை இங்கு இரு கைகள் பங்கிட்டுக்கொண்டன. சுரம் ஒரு கையிலும் அதன் உயிர் மற்றொரு கையிலும் நின்றன.

உரோசாவும் அதன் விளைவும்

விளம்பரப் படங்களுக்குச் சிறுசிறு இசைத்துணுக்குகள் அமைத்து வந்த இரகுமான், தம் இல்லத்தை ஒட்டிப் பஞ்சதன் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவினார். மணிரத்தினம் இயக்கிய உரோசா 1992-இல் வெளிவந்தது. முதற்படத்திற்கே தேசிய விருது கிடைத்தது. இப்படத்தால் மாறியது மெட்டு மட்டுமன்று. பாடல் உருவாகும் முறையும் மாறிற்று என்பதே வரலாற்று நோக்கில் தலையாய செய்தி.

அதுவரை பெருங்கூடத்தில் வயலின் வாசிப்போரும் குழலூதுவோரும் தாளக்கருவியாளரும் ஒருங்கே அமர, நடத்துநர் கையசைக்க, பாடல் ஒரே வீச்சிற் பதிவாவது பெருவழக்கு. ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். இரகுமான் முறையிலோ கணினியின் துணைகொண்டு தாளம் முதலில் அமையும்; அதன்மேல் ஒவ்வொரு கருவியும் தனித்தனி நாளிற் சேரும்; பாடுவோர் தனியே நின்று பலவகையாகப் பாடுவர்; அவற்றுள் தக்கதை ஆசிரியர் தேர்ந்து பொருத்துவார். கலம்பகத்தில் உறுப்புகளைப் புலவர் ஒழுங்குபடுத்துதல் போன்றது இது எனலாம்.

இதனால் நுண்மை பெருகிற்று. இழப்பும் நேர்ந்தது. விசைப்பலகை ஒன்றே இருபது வயலின்களின் ஒலியைத் தர இயலுமாயின், இருபது வயலின் கலைஞர் எங்குச் செல்வர்? 1990-களில் சென்னைப் பதிவுக்கூடங்களில் அன்றாடம் வாசித்துவந்த பலர்க்கு அழைப்புக் குறைந்தது. இம்மாற்றம் ஒருவரால் மட்டும் விளைந்ததன்று. உலகெங்கும் கருவி வளர்ச்சியால் நேர்ந்தது. ஆயினும் தமிழ்நாட்டில் அதன் முகமாக நின்றவர் இரகுமான் என்பதை மறைத்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. தந்தையாரின் கருவிகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்த குடும்பத்திலிருந்தே, பிறர் கருவிகளுக்குத் தேவை குறைத்த முறையும் தோன்றியது முரணாகத் தோன்றலாம்.

இம்முரணை அவர் உணர்ந்திலர் என்று கூறவும் இயலாது. 1993-இல் வெளிவந்த திருடா திருடா படத்தில், சாகுல் அமீதும் குழுவினரும் பாடிய ஒரு பாடலில் கருவிகளைத் துறந்து மனிதக் குரல்களையே அடுக்கிவைத்தார். மின்னிசைக்குப் பெயர்பெற்றவர் அதனை விலக்கிப் பார்த்த ஆய்வு இது. அதே ஆண்டில் கிழக்குச் சீமையிலே, அடுத்த ஆண்டில் கருத்தம்மா என்னும் பாரதிராசா படங்களில், சிற்றூர் இசை இவர்க்கு வாராது என்ற கூற்றுக்கு விடை கிடைத்தது. 2008-இல் சென்னையில் கே. எம். இசைக்கல்லூரியை நிறுவியதும், வறிய சிறார்க்கு வாத்தியக் குழுவிற் பயிற்சி அளிக்க வழி செய்ததும் கருவியாளர் மரபை மீண்டும் வளர்க்கும் செயல்களாகவே நமக்குத் தோன்றுகின்றன. இழந்த வாழ்வுக்கு அவை ஈடாகுமா என்பது வேறு வினா.

கட்டை கரைந்த கருவி

2009-இல் இரு ஆசுகர் விருதுகளை இரகுமான் பெற்றதை உலகம் கொண்டாடியது. அதே ஆண்டில் வெளிவந்த டெல்லி-6 என்னும் இந்திப் படத்தின் ஒரு பாடலில் அவர் வாசித்த கருவியைப் பலர் கவனித்திலர். கண்டினுவம் என்னும் அக்கருவி, அமெரிக்க நாட்டு இலினாய்சுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இலிப்போல்டு ஆக்கன் உருவாக்கியது. அதில் தனித்தனிக் கட்டைகள் இல்லை. விசைப்பலகை அளவிலான மென்மையான ஒரு பரப்பே உண்டு. விரலை இடவலமாக நகர்த்தினால் சுருதி மாறும்; முன்பின்னாக நகர்த்தினால் ஒலியின் நிறம் மாறும்; அழுத்தத்திற்கு ஏற்ப ஒலி பெருகும். சுரமும் குழைவும் மீண்டும் ஒரே விரலிற் கூடின. பின்னர் வந்த சீபோர்டு என்னும் மெத்தென்ற கட்டைகளையுடைய கருவியையும் அவர் கையாண்டார்.

கட்டைக் கருவியை விலக்குக என்றனர் ஒருசாரார். அதன் அளவே நம் அளவு என்றனர் ஒருசாரார். இரகுமான் இருவழியும் செல்லாது, கட்டையின் எல்லையையே கரைத்த கருவியைத் தேடிக்கொண்டார். இதுவே அவர் வாழ்வின் நடுக்கூறு என்பது நம் துணிபு. இலக்கணத்தில் மாத்திரை அழியாது நிற்க, அளபெடை அதன்மேல் நீள்வதுபோல, இக்கருவியிலும் சுரத்தானம் அழியவில்லை; அதனைக் கடக்கும் உரிமையே விரலுக்குக் கிடைத்தது.

கும்மிடிப்பூண்டியும் வருங்காலமும்

சென்னைக்கு வடக்கே, 1997-இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லைப் பகுதியில் கும்மிடிப்பூண்டி உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டையும் இரும்புருக்கு ஆலைகளும் நிறைந்த அவ்வட்டாரத்தை அடுத்தே இரகுமானின் திரைநகரம் அமைந்திருக்கிறது. அங்கு 2024-இல் மெய்நிகர்ப் படப்பிடிப்பு அரங்கு ஒன்று தொடங்கிவைக்கப்பெற்றது. மலையும் கடலும் நகரமும் பெருந்திரையில் ஒளியாகத் தோன்ற, நடிப்போர் அதன்முன் நின்று நடிக்கலாம். வயலின் குழுவுக்கு விசைப்பலகை செய்ததை, இயற்கைக் காட்சிக்கு இவ்வரங்கு செய்கிறது.

அதே ஆண்டில் வெளிவந்த இலால் சலாம் படத்தின் ஒரு பாடலில், மறைந்த சாகுல் அமீது, பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்டு ஒலிக்கப்பட்டன. அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய பொருளும் அளித்ததாக இரகுமான் அறிவித்தார். முப்பது ஆண்டுகட்குமுன் கருவிகளைத் துறந்து மனிதக் குரலின் தனிமையைக் காட்டிய பாடலில் ஒலித்த குரல், இன்று உடலின்றிக் கருவியாகவே ஒலிக்கிறது. இசைவும் ஊதியமும் முறைப்படி அமைந்தமை போற்றத்தக்கது. ஆனால் எல்லாரும் இம்முறையைப் பின்பற்றுவர் என்பதற்கு உறுதி யாது? பாடுவோர் வாழுங்காலத்திலேயே தம் குரலின் உரிமையை எழுதிவைக்க வேண்டிய நாள் வந்துவிட்டது.

இங்கு நம் துறைக்குரிய கடமை ஒன்று உண்டு. யாழ் இந்நாட்டில் வழக்கொழிந்தது. அதன் நரம்புகளின் எண்ணையும் உறுப்புகளின் பெயரையும் இலக்கியம் காத்துத் தந்தது. அவற்றைத் துணைக்கொண்டு விபுலானந்த அடிகள் 1947-இல் யாழ்நூலை வெளியிட்டார். ஆனால் பாணர் விரல்கள் நரம்பின்மேல் எவ்வாறு இயங்கின என்பதை எந்நூலும் முழுமையாகத் தர இயலவில்லை. அது கைவழி வந்து கைவழியே மறைந்தது. சென்னைப் பதிவுக்கூடங்களில் வாசித்த நூற்றுக்கணக்கான கருவியாளரின் அறிவும் அத்தகையதே. பாடற்புத்தகங்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அவருட் பலர் இன்று முதுமை எய்தியுள்ளனர்.

ஒருவர் பெருமையை ஆராயும்போது, அவரைச் சூழ நின்று வாசித்தோரின் சொற்களையும் திரட்டுதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் சுவடி தேடிச் சென்ற ஊக்கத்தோடு இக்கலைஞர்தம் இல்லங்களை நாடி, அவர்கள் கூறுவதையும் வாசிப்பதையும் பதிவு செய்தல் நன்று. கருவி மாறுவது இயல்பு. மாறியதன் வரலாறு மறைந்துபோதல் இயல்பன்று. அது நம் மடியால் நேர்வதே ஆகும்.